குளிர்க்கூடத்துக்கு ஏற்ற பம்பு எது?

  

கோலா கெத்தில் என்ற ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடம் இது. மூடா ஆறு மேற்கே ஓடிக் கோலா மூடாவில் கடலைச் சேர்கிறது. ஆற்று நீர் கடலுக்குப் போகிறது. கடல் மீன் அதற்கு எதிர்த் திசையில் நம் பாசாருக்கு வருகிறது. கரையிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் நம் தோட்டங்களுக்கு மீன் கெடாமல் வந்து சேர வேண்டுமானால், அதற்கு ஐஸ் ஆலையும் குளிர்க்கூடமும் வேண்டும். மீன், இறைச்சி, கோழி, ஐஸ்கிரீம் யாவும் இன்று குளிர்க்கூடத்தை நம்பியே இருக்கின்றன.

அந்தக் குளிர்க்கூடத்தின் பின்புறத்தில் எந்திர அறை ஒன்று இருக்கும். அங்கே கம்ப்ரசர், தொட்டிகள், உறைபனி படர்ந்த குழாய்கள் எல்லாம் இருக்கும். அவற்றின் அடியில், தரையோடு தரையாக, ஒரு சிறிய பம்பு ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பம்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

'பால் வெட்டும் நமக்கு இது எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்களைச் சொல்கிறோம். முதலாவது, அந்தப் பம்பில் ஓடும் திரவம் நமக்குப் பழக்கமானது. பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் சேர்க்கிறோமே, அதே அமோனியாதான். பால் ஸ்டோரில் நின்றவர்களுக்கு அதன் நெடி தெரியும். இரண்டாவது காரணம் நம் பிள்ளைகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்த தோட்டங்களும் உண்டு. எங்கள் தோட்டப் பள்ளியில் அரிச்சுவடி படித்த பிள்ளைகள் இன்று சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பட்டர்வொர்த்திலும் ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள். எந்திர அறையில் இரவு வேலைக்கு நிற்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் அருகில் ஓடுவது எப்படிப்பட்ட பம்பு என்பது அவர்களின் மூச்சோடு தொடர்புள்ள செய்தி.

முதலில் குளிர் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். ஊசி போடுமுன் தாதி நம் கையில் ஸ்பிரிட் தடவுகிறார். தடவிய இடம் சில்லென்று ஆகிறது. ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதே இதற்குக் காரணம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். எந்தத் திரவமும் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது பக்கத்தில் உள்ள பொருளிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வெப்பம் வேண்டும். அமோனியாவோ திறந்த வெளியில், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே குளிர்க்கூடத்தின் குழாய்ச் சுருளுக்குள் திரவ அமோனியாவை விட்டால், அது மீன் பெட்டிகளின் வெப்பத்தை உறிஞ்சிக் கொதிக்கிறது, மீன் உறைகிறது. 1 கிலோ அமோனியா அப்படி ஆவியாகும்போது எடுக்கும் வெப்பம், 4 கிலோ ஐஸ் கரையும்போது எடுக்கும் வெப்பத்துக்குச் சமம். வெளிவரும் ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. வெப்பம் வெளியேற்றப்பட்டு அது மீண்டும் திரவமாகிறது. இந்தச் சுற்று இரவும் பகலும் நடக்கிறது.

ஐஸ் என்பது ஒரு காலத்தில் கப்பலில் வந்த பொருள் என்றால் இளையவர்கள் வியப்பார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. மக்கள் அதை ஐஸ் ஹவுஸ் என்றார்கள். இன்று விவேகானந்தர் இல்லமாக இருப்பது அந்தக் கட்டடந்தான். 1870களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே அமோனியாவைக் கொண்டு குளிரூட்டும் எந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் ஐஸ் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் ஐஸ் ஆலை தோன்றியது.

இடையில் வேறு பல குளிரூட்டும் பொருள்கள் வந்தன. அவற்றுள் சில, வானத்தின் ஓசோன் படலத்தை அரிப்பது தெரியவந்ததால், 1987இல் மொன்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. அமோனியா ஓசோனை அரிப்பதில்லை, பூமியைச் சூடாக்குவதுமில்லை, விலையும் மலிவு. எனவே பெரிய குளிர்க்கூடங்களில் அதற்கு இன்றும் முதலிடம் இருக்கிறது. அதன் பெரிய குறை: அது மனிதனைச் சுடும். கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் புண்ணாக்கும். அளவு மிகுந்தால் உயிரையும் எடுக்கும்.

சரி, இதில் பம்புக்கு என்ன வேலை? சிறிய ஐஸ் ஆலை ஒன்றில் பம்பே இல்லாமல் இருக்கலாம். திரவத் தொட்டியை மேலே வைத்துவிட்டால் அமோனியா தன் எடையால் கீழே இறங்கிச் சுருளுக்குள் போய்விடும். பம்பு வேண்டாத இடத்தில் பம்பு வாங்காமல் இருப்பதே நல்ல தேர்வு. ஆனால் பல அறைகள் கொண்ட பெரிய கூடத்தில், தொட்டி ஓரிடத்திலும் சுருள்கள் தொலைவிலும் உயரத்திலும் இருக்கும். அங்கே திரவத்தைத் தள்ளிவிட ஒரு கை வேண்டும். பம்புதான் அந்தக் கை.

இன்னொரு செய்தியும் உண்டு. சுருளுக்கு எவ்வளவு அமோனியா ஆவியாகுமோ அவ்வளவை மட்டும் அனுப்பினால், சுருளின் கடைசிப் பகுதி காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் குளிர் குறையும். அதனால் தேவைக்கு மூன்று நான்கு மடங்கு திரவத்தை அனுப்பி, சுருளின் உட்புறம் முழுவதையும் நனைத்தபடி வைப்பது வழக்கம். ஆவியாகாத மிச்சம் தொட்டிக்கே திரும்பி வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடத்தில் மணிக்கு 300 கிலோ அமோனியா ஆவியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மடங்கு அனுப்பினால் மணிக்கு 1,200 கிலோ. தண்ணீர் 1 லிட்டர் 1 கிலோ எடை இருக்கும். அந்தக் குளிரில் திரவ அமோனியா 1 லிட்டர், ஏறத்தாழ 680 கிராம்தான். ஆகவே 1,200 கிலோ என்பது மணிக்கு ஏறத்தாழ 1,760 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 30 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவுதானா என்று தோன்றும். தோட்டத்தில் ஆற்று நீரை மேலே ஏற்றும் பம்பு இதைவிடப் பல மடங்கு இறைக்கும். அளவு சிறியதுதான். சிக்கல் அளவில் இல்லை. திரவத்தின் குணத்தில் இருக்கிறது.

அந்தக் குணத்தைக் கவனமாகப் புரிந்துகொள்வோம். ஆற்று நீர்ப் பம்பு கரையில் இருக்கிறது. தண்ணீர் ஐந்தாறு மீட்டர் கீழே இருந்தாலும் உறிஞ்சி எடுத்துவிடுகிறது. ஏன்? ஆற்று நீர் கொதிநிலையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை அதே பம்பால் உறிஞ்சிப் பாருங்கள். நீருக்குப் பதில் ஆவியே உள்ளே போகும். உறிஞ்சும்போது அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்தால் கொதிநிலை இறங்குகிறது; ஏற்கெனவே கொதிப்பின் விளிம்பில் நிற்கும் நீர் உடனே குமிழாகிறது.

குளிர்க்கூடத் தொட்டியில் இருக்கும் அமோனியா எப்போதும் அந்த விளிம்பில்தான் நிற்கிறது. தொட்டால் விரல் உறையும் குளிர். ஆயினும் அது கொதிக்கும் திரவம். பம்பு அதை இழுத்தால் குமிழ்கள் உண்டாகும். அந்தக் குமிழ்கள் பம்பின் சுழல்சக்கரத்துக்குள் போய், அழுத்தம் கூடிய இடத்தில் படபடவென்று வெடித்து அமுங்கும். வெளியே நிற்பவருக்குக் கூழாங்கல்லை அரைப்பது போன்ற ஓசை கேட்கும். சக்கரத்தின் இரும்பு சிறுகச் சிறுக அரிக்கப்படும். திரவம் போகாததால் சுருள் காயும். மீன் அறை சூடேறும். சில சமயம் பம்பே எரிந்துபோகும்.

இதற்கு மருந்து உயரம். தொட்டியில் உள்ள திரவத்தின் மட்டம் பம்பின் வாய்க்கு மேலே நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். மேலே நிற்கும் திரவத்தின் எடை கீழே பம்பின் வாயில் அழுத்தத்தைக் கூட்டும்; அந்த அளவுக்கு அது கொதிப்பின் விளிம்பிலிருந்து விலகி நிற்கும். எவ்வளவு விலகும் என்று தெரியுமா? ஒன்றரை மீட்டர் உயரம் கொடுத்தால், ஏறத்தாழ 2 டிகிரி. அவ்வளவே. அரை மீட்டருக்குச் சற்று மேல் மட்டும் கொடுத்தால் முக்கால் டிகிரிதான். இந்தச் சிறிய காப்பிலிருந்தே குழாயின் உராய்வும், வளைவுகளும், வால்வும், வெளிச் சூடும் தத்தம் பங்கைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பதுதான் பம்புக்கு.

நல்ல பம்புச் செய்வோர் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு வரைபடம் தருவார்கள். இந்த அளவு திரவம் தள்ளும்போது வாயில் இவ்வளவு மீட்டர் உயரம் வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கியவர், பால் வாளியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கியவருக்கு ஒப்பாவார். வேண்டிய உயரத்தைவிடக் கிடைக்கும் உயரம் தாராளமாக இருக்க வேண்டும். ஏனென்றால் தொட்டியின் அழுத்தம் நிலையாக இருப்பதில்லை. புதுச் சரக்கு உள்ளே வந்து, இரண்டாவது கம்ப்ரசரும் திடீரென்று முழு வேகத்தில் இழுக்கத் தொடங்கினால், தொட்டியின் அழுத்தம் சட்டென்று விழும். அப்போது தொட்டி, குழாய் எல்லாவற்றிலும் உள்ள திரவம் ஒரே நேரத்தில் பொங்கும். கஞ்சிப் பானை பொங்குவதைப் போல. 2 டிகிரிக் காப்பு அந்த நேரத்தில் போதாமல் போகலாம். ஆகவே கம்ப்ரசரின் பளுவைப் படிப்படியாக ஏற்றுவதும் பம்பைக் காப்பதில் சேர்ந்ததே.

இரண்டாவதாகத் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயைப் பார்க்க வேண்டும். அது அகலமாக, குட்டையாக, முடிந்தவரை நேராக இறங்க வேண்டும். திரவம் மெதுவாக இறங்கினால்தான் வழியில் பிறக்கும் குமிழ்கள் மேலே ஏறித் தொட்டிக்கே திரும்பும். குழாய்க்கு வெப்பக் காப்பு உறை கட்டாயம் வேண்டும். நம் ஊர் வெயில் கொஞ்சம் பட்டாலும் உள்ளே குமிழ் பிறக்கும். தொட்டியின் வாயில் நீர்ச் சுழி போன்ற சுழி உண்டாகி ஆவியை உள்ளே இழுக்காதபடி, குறுக்குத் தகடு ஒன்று வைப்பதும் வழக்கம்.

இங்கே எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். சமையல் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், நமக்குத் தெரியும். கம்ப்ரசரிலிருந்து தப்பி வரும் எண்ணெயோ அமோனியாவில் மூழ்கும். ஏனென்றால் அமோனியா அதைவிட இலேசானது. அந்த எண்ணெய் தொட்டியின் அடியில் தேங்கிக் குளிரில் கெட்டியாகிவிடும். பம்புக்குப் போகும் வாய் அடிமட்டத்திலிருந்து சற்று மேலே இருக்க வேண்டும். தேங்கிய எண்ணெயை முறையாக வடிக்கத் தனி வழி வேண்டும். எண்ணெய் வடிக்கும் வேளையில் கசிவு ஏற்படும் ஆபத்து அதிகம்; அதைத் தனியாளாகச் செய்யக் கூடாது.

மூன்றாவதாக, எவ்வளவு உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்ற கணக்கு. இங்கே பலர் ஏமாறுவது உண்டு. தண்ணீர்ப் பம்பைப் பார்த்துப் பழகியவர், அழுத்தமானியில் தெரியும் எண்ணையே பார்ப்பார். ஒரே பம்பு தண்ணீரையும் அமோனியாவையும் ஒரே மீட்டர் உயரத்துக்கு ஏற்றும். ஆனால் அமோனியா இலேசானதால் அழுத்தமானியில் எண் குறைவாகத் தெரியும். தண்ணீரில் 3 காட்டும் இடத்தில் அமோனியாவில் ஏறத்தாழ 2 காட்டும். ஆகவே சுருள் இருக்கும் உயரம், குழாய் உராய்வு, வால்வுகள் தின்னும் அழுத்தம் எல்லாவற்றையும் அமோனியாவின் எடைக்குக் கணக்கிட்டுக் கேட்க வேண்டும்.

'எதற்கும் பெரிதாகவே வாங்கிவிடுவோம், பின்னால் உதவும்' என்பது இங்கே நல்ல யோசனை ஆகாது. பெரிய பம்பு கட்டின்றி ஓடினால் தன் அளவுக்கு மீறித் திரவத்தை இழுக்கும், இழுக்க இழுக்க வாயில் வேண்டிய உயரமும் கூடும், குமிழ் பிறக்கும். மாறாக, எல்லா அறைகளின் வால்வுகளும் மூடியிருக்கும்போது பம்பு ஓடினால், உள்ளே அடைபட்ட திரவம் சூடேறிக் கொதிக்கும். இவ்விரண்டையும் தடுக்க எளிய ஏற்பாடு உண்டு. மிகுந்து ஓடாமல் இருக்க வெளிவாயில் சிறு துளையுள்ள தகடு. குறைந்து போகாமல் இருக்க எப்போதும் சிறிதளவு திரவம் தொட்டிக்குத் திரும்பும் பக்கக் குழாய். பம்போடு இவற்றையும் சேர்த்துத்தான் விலை கேட்க வேண்டும்.

நான்காவது, பம்பின் வகை. சுழல்சக்கரப் பம்புகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று திறந்த வகை. மோட்டார் வெளியே இருக்கும்; அதன் தண்டு பம்பின் உடலைத் துளைத்து உள்ளே போகும். துளையின் வழியே அமோனியா வெளியேறாதபடி அங்கே ஒரு சீல் இருக்கும். விலை குறைவு, மோட்டார் கெட்டால் உள்ளூரிலேயே மாற்றலாம். ஆனால் சுழலும் தண்டைச் சுற்றி இருக்கும் சீல் தேயத்தான் செய்யும். தேய்ந்தால் கசியும். எந்த நாள் கசியும் என்று யாரும் சொல்ல முடியாது.

மற்றொன்று மூடிய வகை. இதில் மோட்டாரும் பம்பும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். வெளியே வரும் தண்டும் இல்லை. தேயும் சீலும் இல்லை. உள்ளே ஓடும் அமோனியாவே மோட்டாரைக் குளிர்விக்கிறது. அதுவே தாங்கிகளுக்கு எண்ணெய் போலவும் உதவுகிறது. கசிய வழி மிகக் குறைவு. விலை கூடுதல். இதன் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறோம்: திரவம் இல்லாமல் உலர்ந்து ஓடினால், குளிர்விப்பதும் இல்லை, வழவழப்பும் இல்லை, குறுகிய நேரத்தில் தாங்கிகள் கெட்டுவிடும். எனவே தொட்டியில் மட்டம் இறங்கினால் தானாக நிறுத்தும் மிதவைச் சுவிட்சு இல்லாமல் இந்தப் பம்பை ஓட்டவே கூடாது. காந்த விசையால் சுற்றும் பம்புகளும் உண்டு. அவற்றிலும் தண்டு வெளியே வருவதில்லை.

பற்சக்கரப் பம்பு என்ற பழைய வகை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது பற்களுக்கிடையே திரவத்தைப் பிடித்துத் தள்ளும். வெளிவாய் அடைபட்டாலும் விடாமல் தள்ளும் என்பதால், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் காப்பு வால்வு அதற்குக் கட்டாயம். அழுக்கு உள்ளே போனால் பற்கள் விரைவில் தேயும்.

ஐந்தாவது, செய்பொருள். அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். தண்ணீர்ப் பம்பிலோ வீட்டுக் குளிர்சாதனத்திலோ இருந்து கழற்றிய பித்தளை வால்வை 'தற்காலிகமாக' மாட்டுவது பெருந்தவறு. உருக்கும் வார்ப்பிரும்பும்தான் ஏற்றவை.

இனி, இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு முடிவெடுத்துப் பார்ப்போம். கடலோரத்தில் ஒருவர் மீன் குளிர்க்கூடம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியைத் தரையோடு வைத்துவிட்டார்கள். திரவ மட்டத்துக்கும் பம்பின் வாய்க்கும் இடையே 60 சென்டிமீட்டர்தான். ஒரு வணிகர் மலிவான திறந்த பம்பைக் காட்டுகிறார். இன்னொருவர் விலை கூடிய மூடிய பம்பைக் காட்டுகிறார். முதலாளி எதை வாங்க வேண்டும்?

எங்கள் விடை: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் தொட்டியை இரும்புக் கால்களில் உயர்த்தட்டும். 60 சென்டிமீட்டரில் எந்தப் பம்பும் நீண்ட நாள் வாழாது. திறந்த பம்பில் குமிழ்களின் அதிர்ச்சியால் சீல் சீக்கிரம் போகும். மூடிய பம்பில் தாங்கி போகும். பம்பைக் குழி தோண்டி இறக்கலாமே என்றால், கசிந்த குளிர்ந்த ஆவி குழியில் தேங்கும். உள்ளே இருப்பவர் ஏறி ஓடுவதும் கடினம். தொட்டியை உயர்த்துவதே நல்லது. உயர்த்திய பின்பு மூடிய பம்பை, மிதவைச் சுவிட்சோடும் பக்கக் குழாயோடும், ஒன்றுக்கு இரண்டாக வாங்கட்டும். ஒன்று ஓட, ஒன்று காத்திருக்கும். பழுதுபார்க்கும் நாளில் அவசரம் இருக்காது. அவசரத்தில் பழுதுபார்ப்பதே பெரும் ஆபத்து.

செலவு கூடுகிறதே என்பார்கள். கூடத்தான் செய்யும். ஆனால் மலிவான பம்பின் மீதி விலையை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் சீல் கசியும்போது அந்த அறைக்குள் போய் வால்வை மூடச் சொல்லப்படுபவன் கட்டுகிறான். அவன் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கசிவு என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று உண்டு. சென்னைக்கு அருகே எண்ணூரில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அமோனியாவைக் கொண்டு வரும் கடலடிக் குழாய் ஒன்று இருந்தது. 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவு, குழாயைக் குளிர்விக்கும் வேளையில் அதில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய மீனவர் குப்பங்களில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். குழாய் கடலுக்குள் இருந்தது. நெடி வீட்டுக்குள் வந்தது. ஆலைச் சுவரோடு ஆபத்து நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே அமோனியா உள்ள இடத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வீட்டிலுள்ளவர்கள் சில செய்திகளைச் சொல்லி வைக்க வேண்டும். நெடி கடுமையாக வந்தால் நின்று பார்க்கக் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நோக்கி, கசிவைச் சுற்றிக்கொண்டு, விலகி ஓட வேண்டும். அமோனியா ஆவி காற்றைவிட இலேசானதுதான். ஆனால் குளிர்ந்த வெண்புகையாகக் கசியும்போது தரையோடு படரும். அது ஈரத்தைத் தேடிப் போகும் பொருள். அதனால் கண், தொண்டை, வியர்வை படிந்த இடங்களை முதலில் தாக்கும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தரையில் தேங்கிய திரவ அமோனியாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அது இன்னும் வேகமாகக் கொதித்து ஆவியை எழுப்பும். முறையான மூச்சுக் கருவியும் பயிற்சியும் இல்லாதவர், நண்பன் உள்ளே விழுந்து கிடந்தாலும், தனியாக உள்ளே பாயக் கூடாது. சொல்வதற்கே மனம் வலிக்கிறது. ஆனால் ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரை இழந்த குடும்பங்கள் உலகில் உண்டு.

இன்னும் ஒன்று. திரவ அமோனியா நிறைந்த குழாயின் இரண்டு முனை வால்வுகளையும் ஒரே நேரத்தில் மூடிவிடக் கூடாது. நடுவில் அடைபட்ட திரவம் சூடேறி விரியும். விரிய இடமில்லாமல் குழாயைப் பிளக்கும். பம்பைக் கழற்றுமுன் அதிலுள்ள திரவத்தைத் தொட்டிக்குத் திருப்பி, வெறுமையாக்கிய பிறகே போல்ட்டைத் தொட வேண்டும்.

வேலைக்குச் சேரும் பிள்ளை முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம் பணிவாகக் கேட்கலாம்: இங்குள்ள பம்பு எந்த வகை? சீல் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? திரவ மட்டம் இறங்கினால் பம்பு தானாக நிற்குமா? கசிவை அறிவிக்கும் கருவி வேலை செய்கிறதா? மூச்சுக் கருவி எங்கே இருக்கிறது, எனக்கு அதில் பயிற்சி உண்டா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் நேரான விடை சொல்லும் ஆலை நல்ல ஆலை.

விடை கிடைக்கவில்லை என்றால்? நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. 5 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை முதலாளி நியமிக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகத் தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யவில்லையென்றால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையை 26ஏ பிரிவு கொடுக்கிறது. ஜே.கே.கே.பி. என்று நாம் சொல்லும் அரசுத் துறையிடம் புகாரும் செய்யலாம். நம் பெற்றோர் காலத்தில் கங்காணியிடமும் கிராணியிடமும் கேள்வி கேட்பதே குற்றமாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த அச்சம் வேண்டாம். கேட்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது.

நேயர்களே, பேச்சின் சாரத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். குளிரூட்டும் திரவம் எப்போதும் கொதிப்பின் விளிம்பில் நிற்கிறது. ஆகவே முதலில் தொட்டியின் உயரம், அடுத்து அகலமான குழாய், பிறகுதான் பம்பு. அளவைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். பெரிதென்று பார்த்து வாங்கக் கூடாது. கசிவுக்கு இடந்தராத மூடிய வகையை, அதற்குரிய காப்புகளோடு வாங்க வேண்டும். செம்பு, பித்தளை கூடாது. இவை பொறியாளர் மட்டும் அறிய வேண்டியவை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தொழிற்பயிற்சிக் கழகத்தில் குளிர்சாதனத் துறையில் சேர விரும்பும் தம்பி தங்கையருக்கு இது முதல் பாடமாக இருக்கட்டும். எந்திர அறைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் தந்தையர் இன்றிரவு சாப்பாட்டு வேளையில் அந்த ஐந்து கேள்விகளை அவனிடம் கேட்டுப் பார்க்கட்டும். அவன் விடை சொன்னால் நிம்மதியாக உறங்கலாம். தெரியவில்லை என்றால், நாளை கேட்டு வரச் சொல்லலாம்.